எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு ஆளைத் தேடுகிறார்கள்



2023ஆம் ஆண்டு அஸ்வெசும தொடங்கியபோது அரசாங்கம் அறிவித்த எண்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் 72,000 பேர், மாதம் 5,000 ரூபா. சிறுநீரக நோயாளர் 39,150 பேர், மாதம் 5,000 ரூபா. முதியோர் 416,667 பேர், மாதம் 2,000 ரூபா. அன்று நாங்கள் எல்லோரும் ரூபாவைப் பற்றித்தான் சண்டை பிடித்தோம். ஆட்களின் எண்ணிக்கையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

நான் கணக்குப் படிப்பிக்கிறேன். அந்த 416,667 என்ற எண் என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு முதியவருக்கு மாதம் 2,000 என்றால் வருடத்துக்கு 24,000. அதை 416,667 ஆல் பெருக்குங்கள். ஆயிரம் கோடி ரூபாவும் மிச்சம் 8,000 ரூபாவும் வரும். அதாவது ஆயிரம் கோடியை 24,000 ஆல் வகுத்து, கடைசியில் வந்த தசமத்தை ஒரு முழுக் கிழவராக நிமிர்த்தி வைத்தால் கிடைக்கும் எண்தான் 416,667. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டேன், இரண்டு நிமிடத்தில் விடை சொன்னார்கள். நாட்டில் எத்தனை முதியோர் வறுமையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதிய எண் இப்படி அமையாது. காசை முதலில் வரையறுத்து, அதை வகுத்து, வந்த விடைக்கு ஆட்களைத் தேடினால்தான் இப்படி அமையும். 416,668ஆவது ஆளுக்கு வயது குறைந்துவிடுமா, பசி குறைந்துவிடுமா?

மாற்றுத்திறனாளிகளின் 72,000ஐயும் இந்தக் கண்ணால் பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை இருந்தது. ஆள் கணக்கில் 16 இலட்சத்துக்கு மேல். அந்தப் பதினாறு இலட்சத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட 72,000 காணாது. எல்லோரும் வறியவர்கள் இல்லை, எல்லோருக்கும் கடுமையான குறைபாடும் இல்லை, பார்வை கொஞ்சம் மங்கியவரும் அந்தக் கணக்கில் இருப்பார் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. பாதியைக் கழியுங்கள், முக்கால்வாசியைக் கழியுங்கள். அப்போதும் நான்கு இலட்சம் பேர் நிற்கிறார்கள்.

நான் பிறந்தது வெல்லாவெளியில். படிப்பிப்பது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். விடுமுறைக்கு இறங்கிப் போய், விடுமுறை முடிந்து மலை ஏறி வருகிறபோது இரண்டு இடத்திலும் ஒரே படிவம், ஒரே வரிசை, ஒரே கேள்வி. ஆனால் மனிதர்கள் உடம்பை இழந்த விதம் வேறு. படுவான்கரையில் முதல் காரணம் யுத்தம். ஷெல், மிதிவெடி, 2007இல் ஊர் ஊராக எழும்பி ஓடிய ஓட்டம். அதற்குப் பிறகு யானை. வயலுக்குக் காவல் போனவன் இடுப்பு முறிந்து கிடப்பது எங்கள் பக்கத்தில் செய்தியே இல்லை. தோட்டத்தில் குளவிக்கொட்டு, வழுக்குப் பாறை, கவ்வாத்துக் கத்தி, ஃபெக்டரி இயந்திரம். இவற்றை எல்லாம் விட அதிகம், முப்பது வருடம் கொழுந்துச் சுமை இழுத்த முதுகும் முழங்காலும். இந்தக் கடைசி வகையை யாரும் விபத்து என்று எழுதுவதில்லை. "வயசாச்சு" என்று எழுதுகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில்.

இதில் தோட்டத்துக் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரு களவு நடக்கிறது. வேலை செய்கிறபோது உடம்பு சேதமானால் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளி. அதற்கான வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டே வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? கை போனவருக்குக் கொஞ்ச நாள் "லேசான வேலை", பிறகு அரைப்பெயர், பிறகு செக்ரோலில் பெயரே இல்லை. அதன் பின் துரைமார் காட்டும் வழி, "பிரதேச செயலகத்தில் போய் அஸ்வெசுமவுக்கு எழுதிப் போடுங்க." ஒரு கம்பனி தன் இலாபக் கணக்கில் தீர்க்க வேண்டிய கடன், அப்படியே பொதுமக்களின் வரிப்பணத்துக்கு மாறிப் போகிறது. அந்த வரிப்பணத்தையும் 72,000 பேருக்கு மேல் கொடுக்க முடியாது என்று 2023இல் கட்டி வைத்தார்கள். இரண்டு கதவும் சாத்திய பிறகு அந்த மனிதர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மகளின் சம்பளத்தில் சாப்பிடுகிறார்.

அடுத்தது, தெரிவு செய்யும் முறை. அஸ்வெசும ஒரு குடும்பத்தை 22 குறிகாட்டிகளால் அளக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப விபரம் என்று ஆறு துறை. இதில் மாற்றுத்திறனாளி இருக்கிற வீடும் ஒரு கேள்விதான். அந்த ஒரு கேள்விக்கு எதிரே சுவர், கூரை, தண்ணீர், மலசலகூடம், மின்சாரம், கையில் இருக்கிற சாமான் என்று ஒரு பட்டாளம் நிற்கிறது.

வெல்லாவெளிப் பக்கத்தில் யுத்தத்தில் காலிழந்த ஒருவருக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்திலோ தொண்டு நிறுவனம் மூலமோ கல்வீடு கிடைத்திருக்கலாம். அந்தக் கல்வீடு அவருக்குக் கிடைத்ததே அவர் எல்லாவற்றையும் இழந்ததால்தான். இன்று கணக்கெடுக்க வருகிறவருக்கு அது சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை. அவரிடம் இருக்கிற மூன்று சில்லு வண்டியைப் பற்றியும் ஒரு வாதம் வந்தது. வாகனமாம்! தோட்டத்தில் லயம் கம்பனிக்குச் சொந்தம், நிலம் அரசுக்குச் சொந்தம், தொழிலாளிக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். ஆனால் அதே லயத்தின் சுவரும் கூரையும் தொழிலாளியின் வீட்டு நிலைமையாக எழுதப்படுகிறது. ஓர் அறைக்குள் இரண்டு குடும்பம் இருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எழுத வந்த பிள்ளைக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. அதற்கும் சம்பளம் கொஞ்சம்.

இந்த அளவுகோல் எதை அளக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. உடம்பு இயலாதவருக்கு ஆகிற மேலதிகச் செலவை அது அளக்கவில்லை. ஒரே வருமானமுள்ள இரண்டு வீட்டை எடுங்கள். ஒரு வீட்டில் நடக்க முடியாத பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போக பஸ் சரிவராது, முச்சக்கரவண்டி வேண்டும். பம்பர்ஸ் வேண்டும், சில நேரம் தனிச் சாப்பாடு வேண்டும். எல்லாவற்றையும் விட, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் பிரதேச செயலகம் வெல்லாவெளியிலேயே இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் மண்டூரில் இருந்து குருமண்வெளிப் பாதையில் வாவி கடந்து எழுவான்கரை ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வைத்தியச் சான்றிதழின் விலை என்னவென்று. தோட்டத்தில் அது இன்னும் மோசம். மேல் டிவிஷனில் இருந்து ரோட்டுக்கு வருவதற்கே நான்கு பேர் தூக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 7,500இல் இருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. கூட்டியதைக் கூட்டியது என்று சொல்ல வேண்டும். 2023இல் இருந்த 5,000க்கு இது இரண்டு மடங்கு. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025இல் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அன்று பத்தாயிரம் என்பது ஏழரை நாள் பெயருக்கும் குறைவு. என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், சின்னவனப் பாத்துக்க நான் வீட்டுல நிக்கிறேன். நின்னா பேரு இல்ல. மலைக்குப் போனா புள்ளைக்கு ஆளு இல்ல." அன்றைய சம்பளத்தில் அவர் மாதம் 25 பெயர் போட்டால் 33,750 ரூபா. பிள்ளைக்காக அதை விடுகிறார். அரசு 10,000 கொடுக்கிறது. மிச்சம் 23,750 ரூபாவை மாதா மாதம் யார் கொடுக்கிறார்? அந்தத் தாய் கொடுக்கிறார். நாட்டில் சமூகப் பாதுகாப்புக்கு மிகப் பெரிய நன்கொடையாளர்கள் இப்படிப்பட்ட தாய்மார்தான். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. அவருக்கு அந்தப் பத்தாயிரமும் இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். "பட்டியலில் இடம் வந்ததும் சொல்லுவோம்" என்று பதில்.

இனி வரப் போவதைப் பேசுவோம். அஸ்வெசுமவில் "வறியோர்", "மிக வறியோர்" என்ற இரண்டு பிரிவுக்கும் கொடுப்பனவு மூன்று வருடத்துக்கு என்று 2023 ஜூலையில் தொடங்கியது. 2026ஆம் ஆண்டின் நடுப்பகுதிதான் அந்த மூன்று வருடத்தின் முடிவு. மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் முடிவுத் திகதி அதைவிட முன்னதாகவே போடப்பட்டு, பிறகு பிறகு என்று தள்ளப்பட்டது. தள்ளினாலும் திட்டத்தின் எண்ணம் தெளிவு. ஆட்கள் "முன்னேறி வெளியேற" வேண்டும். விபரங்கள் கணினியில் புதுப்பிக்கப்பட வேண்டும். தகுதி மறுபடி பார்க்கப்பட வேண்டும். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட நான்கு வருடக் கடனும், அதே ஆண்டு ஜூனில் உலக வங்கி சமூகப் பாதுகாப்புக்கென்று கொடுக்க இணங்கிய 200 மில்லியன் டொலரும் இந்த வழிக்குத்தான் பின்புலம். "இலக்கு வைத்த உதவி" என்பது அவர்கள் சொல். தேவையானவருக்கு மட்டும் என்று அர்த்தம் சொல்வார்கள். தகுதியில்லாதவர் வாங்குகிறார் என்ற கோபம் நம்மிடமும் இருப்பதால் அந்தச் சொல் காதுக்கு இனிக்கிறது.

ஆனால் ஒரு காலை இழந்தவர் எங்கே முன்னேறி வெளியேறுவது? வெல்லாவெளியில் எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிற ஐயா கேட்டது இது: "இந்தக் கால் இனி முளைக்காது புள்ள. ஒவ்வொரு தரமும் வந்து என்னத்தப் பாக்கிறாங்க?" வறுமையை மறுபடி அளப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். பிறவியில் வந்த குறைபாட்டையும், துண்டாடப்பட்ட கையையும் மறுபடி நிரூபிக்கச் சொல்வதில் என்ன நியாயம்? ஒவ்வொரு நிரூபணத்துக்கும் ஒரு நாள் பெயர் போகிறது, ஒரு முச்சக்கரவண்டி வாடகை போகிறது. சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிற இடங்களில் வாசித்துச் சொல்ல ஒரு ஆளையும் பிடிக்க வேண்டும். திகதி தவறினால் பெயர் போகிறது. அப்படிப் போன பெயர்களைச் சேமிப்புக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பிரித்தானியாவில் 2025 மார்ச்சில், தொழிற்கட்சி அரசாங்கமே, மாற்றுத்திறனாளிகளின் அன்றாட வாழ்க்கைச் செலவுக்கான கொடுப்பனவில் கை வைக்கப் பார்த்தது. அங்கேயும் புள்ளி முறைதான். இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவர் உதவி தேவைப்பட்டால் 2 புள்ளி. இப்படிச் சின்னச் சின்னப் புள்ளிகள் சேர்ந்து கொடுப்பனவு கிடைத்துவந்தது. இனிமேல் ஏதாவது ஒரு காரியத்திலாவது 4 புள்ளி இருந்தால்தான் உண்டு என்று சட்டம் கொண்டு வந்தார்கள். குளிக்கவும், உடுக்கவும், சமைக்கவும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உதவி தேவைப்படுகிற மனிதர் வெளியே. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் வீதிக்கு வந்தன, தொழிற்சங்கங்களும் எதிர்த்தன, ஆளும் கட்சி உறுப்பினர்களே 120 பேருக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். ஜூலை 1ஆம் திகதி, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த 4 புள்ளிப் பிரிவை அரசாங்கம் கைவிட்டது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கிடைக்கும் இன்னொரு மேலதிகத் தொகையைப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏறக்குறைய பாதியாக்கும் பகுதி அப்படியே சட்டமானது. ஆனாலும் ஒரு பிரிவு விழுந்தது. அது தானாக விழவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அரச வேலைகளில் 3 சதவீதம் அவர்களுக்கு என்று 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை உண்டு. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 28ஆம் உறுப்புரை, வறுமையில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் குடும்பத்துக்கும் இயலாமையால் ஆகிற செலவுக்கு அரசு உதவ வேண்டும் என்கிறது. செலவுக்கு, கவனியுங்கள். வீட்டுச் சுவரைப் பார்த்துப் புள்ளி போடு என்று அங்கே இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவை வீட்டுப் புள்ளியில் இருந்து பிரித்து ஆளின் பெயரில் நிறுத்துங்கள் என்பது. 72,000 போன்ற தொப்பியைக் கழற்றுங்கள். தகுதியுள்ளவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கு. மாறாத குறைபாட்டுக்கு ஒரு சான்றிதழ் போதும். மறு பரிசோதனை தேவையான இடத்தில் உத்தியோகத்தர் வீட்டுக்கு வரட்டும். பராமரிக்கிற ஆளுக்குத் தனியாக ஒரு தொகை. தோட்டத்தில் வேலையால் வந்த இயலாமை என்றால், அரசு முதலில் கொடுத்துவிட்டுக் கம்பனியிடம் அறவிடட்டும். கடைசிக் கோரிக்கையைக் கேட்டு முதலாளிமார் சிரிப்பார்கள். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று கேட்டபோதும் சிரித்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் சங்கங்களைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் நான் பாதி எழுதியவளாவேன். நம் சந்தா செக்ரோலில் இருந்து கழிகிறது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை அவர் அங்கத்தவர். குளவி கொட்டிச் சிறுநீரகம் கெட்டு, பெயர் வெட்டுப்பட்ட மறுமாதம் அவர் எங்கள் புத்தகத்திலும் இல்லை. மே தினப் பஸ்ஸில் அவருக்கு இடமில்லை, மாதாந்தக் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நட்டஈட்டு வழக்கு எழுதத் தெரிந்த தோட்டத் தலைவர் எத்தனை பேர்? சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் காயமடைந்தவர்களின் விடயம் எத்தனையாவது வரிசையில் வருகிறது? வரவே வருகிறதா? கம்பனி அவரைக் கைகழுவியது என்று நாம் கோஷம் போடுகிறோம். கம்பனியின் பதிவேட்டைத்தான் நாமும் நம் அங்கத்துவப் பதிவேடாக வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. 2023 ஜூன் கடைசியில் பட்டியல் ஒட்டப்பட்டபோது பிரதேச செயலகங்களுக்கு முன்னால் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். அங்கே அரசாங்கத்தைத் திட்டியதைவிட அடுத்த லயத்துக்காரியைத் திட்டியதுதான் அதிகம். "அவ வீட்டுல டீவி இருக்கு, அவளுக்குக் கிடைச்சிருக்கு." ஆட்சேபணைப் படிவம் என்று ஒன்று வைத்து, ஒருவர் மேல் ஒருவர் எழுதிக் கொடுக்க வழியும் செய்து தந்தார்கள். அந்தப் படிவத்தை வாங்கி நிரப்பாதீர்கள் என்று கிளைகளுக்குச் சொல்ல வேண்டும். மேன்முறையீட்டுப் படிவம் வேறு, அதை நிரப்புங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் சங்கத்தில் இருந்து இரண்டு பேர், கூட்டத்துக்கு முன்னால் லயம் லயமாகப் போய் எழுதி வாருங்கள்: வீட்டில் இயலாதவர் யார், எப்படி ஏற்பட்டது, வேலையில் ஏற்பட்டதென்றால் எந்த ஆண்டு, நட்டஈடு வந்ததா, அடையாள அட்டை உண்டா, வைத்தியச் சான்றிதழ் உண்டா, கொடுப்பனவு வருகிறதா, வராவிட்டால் என்ன சொன்னார்கள், பராமரிப்பவர் மாதத்தில் எத்தனை பெயர் இழக்கிறார். செக்ரோலில் இல்லாதவர்களையும் எழுதுங்கள், அவர்களைத்தான் முதலில் எழுதுங்கள். ஒரு கொப்பி போதும். படுவான்கரையில் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களில் இருக்கிற தோழியர் சிலர் இதே கேள்விகளோடு தங்கள் பக்கம் எழுத ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரதேச செயலாளரிடம் மகஜர் கொடுக்கப் போகிற நாளில் வழக்கம்போலத் தலைவர்மார் மட்டும் போக வேண்டாம். படி ஏற முடியாதவர்களைக் கூட்டிப் போவோம். அவர்களுக்காக அலுவலர்கள் கீழே இறங்கி வரட்டும்.